வாழ்க்கைச் சமநிலையை அளப்பது எப்படி? நரம்புத்தசை நோயோடு வாழ்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வந்து, சேன் ஆந்த்ரேயில் குடியிருக்கிறேன். எனக்கு இருப்பது கால்பெய்ன் 3 என்ற புரதம் குறைவதால் வரும் தசைத்தேய்வு. இடுப்பையும் தோளையும் முதலில் பிடிக்கும் வகை. நான் மருத்துவர் இல்லை. பல வருடம் நோயாளியாக இருந்ததில் கேள்வித்தாள்களோடு நல்ல பழக்கம் உண்டு, அவ்வளவுதான். கோயிலிலும் போனிலும் கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சமநிலை என்றால் விழாமல் நிற்பதுதானே?

நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் அதுதான். எர்கோ (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கித் தரும் சிகிச்சையாளரை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) முதல் தடவை "உங்கள் சமநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது, "போன மாதம் இரண்டு முறை விழுந்தேன்" என்று பதில் சொன்னவள் நான்.

அவர் கேட்டது வேறு. ஒரு நாளில், ஒரு வாரத்தில் நம் நேரம் எங்கே போகிறது, எங்கே போகவேண்டும் என்று நாம் விரும்புகிறோம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் வாழ்க்கைச் சமநிலை என்கிறார்கள். குளிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறவளுக்கு அந்த இடைவெளி என்னவென்று விளக்கத் தேவையில்லை.

வருடாவருடம் தசையைப் பரிசோதிக்கிறார்களே, அது போதாதா?

அது தசையைத்தான் சொல்லும். கினே, அதாவது பிசியோ, கையால் அழுத்திப் பார்த்து 0 முதல் 5 வரை பலத்துக்கு மதிப்பெண் போடுவார். லியோனில் உருவாக்கிய இயக்க அளவை ஒன்று உண்டு. 32 அசைவுகளைச் செய்யச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட்டு, கடைசியில் சதவீதமாகத் தருவார்கள். நோய் எந்த வேகத்தில் போகிறது என்று தெரிய இவை வேண்டும். புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இவைதான் வேண்டும்.

ஆனால் ஒரு வருடம் என் சதவீதம் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. டாக்டர் சந்தோஷமாகக் கைகொடுத்தார். அதே வருடத்தில்தான் நான் புதன்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பதை விட்டேன், சமையலறையை மாமியாரிடம் கொடுத்தேன், கோயில் படிக்கட்டு உயரம் என்று போவதை நிறுத்தினேன். அந்தத் தாளில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை.

சரி, எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

பல தாள்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய கேத்லீன் மட்டுஸ்கா என்ற தொழில்வழிச் சிகிச்சை ஆய்வாளர் உருவாக்கிய வாழ்க்கைச் சமநிலைப் பட்டியல். 2012-ல் வெளிவந்தது. அதில் 53 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் படித்து, முதலில் "இதை நான் செய்கிறேனா, அல்லது செய்ய விரும்புகிறேனா?" என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பவற்றுக்கு, அதில் செலவாகும் நேரம் நான் விரும்பும் அளவுக்கு இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். சரியாக இருந்தால் 3. சில சமயம் குறைவு அல்லது சில சமயம் அதிகம் என்றால் 2. எப்போதுமே குறைவு அல்லது எப்போதுமே அதிகம் என்றால் 1.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குறைவும் அதிகமும் ஒரே மாதிரி மதிப்பெண்ணைத்தான் இழக்கின்றன. நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும், டிவி பார்க்க ஐந்து நிமிடம் கிடைக்காதவருக்கும் அந்த வரியில் 1 விழலாம்.

செயல்களை நாலு தேவைகளின் கீழ் பிரித்திருக்கிறார்கள்: உடல்நலம், உறவுகள், ஆர்வமும் சவாலும், 'நான் யார்' என்கிற அடையாளம். மொத்த சராசரியோடு இந்த நாலுக்கும் தனித்தனிச் சராசரி வரும்.

ஸ்வீடனிலிருந்து வந்த இன்னொரு தாளில் 11 வாக்கியங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 33. சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் எந்தச் செயலில் இடிக்கிறது என்று அது சொல்லாது. 1991-ல் கனடாவில் வந்த முறையில் கேள்வித்தாளே கிடையாது. உங்களுக்கு முக்கியமான, ஆனால் சரியாகச் செய்ய முடியாத வேலைகளை நீங்களே சொல்லி, எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை போடவேண்டும். பேச்சு வருகிறவர்களுக்கு அது நல்லது.

கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.

என் நோட்டிலிருந்தே காட்டுகிறேன். இது மூலப் பட்டியல் இல்லை. அதன் முறையைப் பார்த்து எனக்கென்று எழுதிக்கொண்ட 20 வரிகள், ஒவ்வொரு தேவைக்கும் ஐந்து.

உடல்நலத்தில் தூக்கம், சாப்பாடு, கினே மூன்றுக்கும் 3. ஓய்வும் காலாற நடப்பதும் 2. கூட்டினால் 13, சராசரி 2.6. உறவுகளில் பிள்ளைகளோடு இருக்கும் நேரம் 3. கணவர், காரைக்காலில் அம்மாவோடு போன், சிநேகிதிகள் மூன்றும் 2. விருந்தாளிகளை வீட்டுக்குக் கூப்பிடுவது 1. மொத்தம் 10, சராசரி 2. ஆர்வத்தில் வாசிப்பதும் பாட்டுக் கேட்பதும் 3, தையல் 2, வெளியூர்ப் பயணம் 1, டிவி 1 (அதிகம் என்பதால்). அதுவும் 10, சராசரி 2.

கடைசியில் அடையாளம். தானே புடவை கட்டுவது 2. என் கையால் சமைப்பது, கோலம் போடுவது, கோயில், தமிழ் வகுப்பு எல்லாம் 1. மொத்தம் 6, சராசரி 1.2.

ஆக 39-ஐ 20-ஆல் வகுத்தால் 1.95. மூன்றை நெருங்க நெருங்க நல்லது என்பதால் இது சுமார்தான். ஆனால் மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் புரிந்திருக்காது. 2.6-க்கும் 1.2-க்கும் நடுவில்தான் என் கதையே இருந்தது. உடம்பை எல்லோருமாகச் சேர்ந்து நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், காரைக்கால்காரி மட்டும் காணாமல் போயிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் சம நேரம் ஒதுக்கவேண்டுமா?

வேண்டாம். தராசு போல இரண்டு பக்கமும் நிற்கச் சொல்லவில்லை. பத்து மணி நேரம் தையல் மெஷினில் இருப்பவர் அதைத்தான் விரும்புகிறார் என்றால் அவருக்கு அது 3.

களைப்புதான் எனக்குப் பெரிய பிரச்சினை. அதை இது அளக்குமா?

நேராக அளக்காது. களைப்புக்குத் தனித் தாள் உண்டு. 1989-ல் வந்த களைப்புத் தீவிர அளவையில் 9 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7. இரண்டையும் ஒரே வாரத்தில் நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

களைப்பு என்று நாம் சொன்னால் "எல்லோருக்கும்தான் களைப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். நெதர்லாந்தில் 2005-ல் வந்த ஆய்வில், முகம்-தோள்பட்டைத் தசைத்தேய்வு, மயோடோனிக் தசைத்தேய்வு (இறுகிய தசை சட்டென்று தளராத வகை), கை கால் நரம்புகளைப் பிடிக்கும் பரம்பரை நோய் ஆகிய மூன்று கூட்டத்தாரில் 61 முதல் 74 சதவீதம் பேர் கடுமையான களைப்போடு இருந்தார்கள். இந்த வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். அபூர்வமாகத்தான் எடுத்துக் காட்டவேண்டி வருகிறது.

நோய்க்கு நோய் களைப்பின் நேரம் மாறும் என்பதையும் கவனியுங்கள். மயஸ்தீனியா (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத நோய்) உள்ளவர் காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் இமை தொங்கும், வெயிலில் இன்னும் மோசமாகும். மயோடோனியா உள்ளவருக்குக் குளிர்தான் எதிரி. பிளென் தே காஃப்ர் மேட்டில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதம், கையை மடக்கினால் விரிக்க முடியாது என்பார்கள். ஒரே தாளைக் காலையில் நிரப்புகிறவரும் இரவில் நிரப்புகிறவரும் வேறு வேறு ஆள் மாதிரி பதில் எழுதுவார்கள். எப்போதும் ஒரே நேரத்தில் நிரப்புங்கள்.

கேட்டால் எல்லாம் சரி என்றுதான் வாயில் வருகிறது. என்ன செய்ய?

இந்தத் தீவின் வியாதியே அதுதான். "கோமான் இ லே?" என்று கிரியோலில் யார் கேட்டாலும் "லே லா!" என்று பதில் வரும். இருக்கேன், இங்கேதான், என்று அர்த்தம். நம் "ஏதோ ஓடுது" போல. விழுந்து முட்டி உடைந்தவரும் லே லா, லாட்டரி அடித்தவரும் லே லா.

அதனால்தான் "உங்கள் வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா?" என்ற கேள்வியை நான் நம்புவதில்லை. "போன செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததிலிருந்து மணிவாரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால் லே லா சொல்லமுடியாது. தாளை நிரப்புமுன் மூன்று நாளைக்கு நோட்டில் அரைமணிக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வேலைநாள், ஒரு ஞாயிறு. நான் எழுதியதில், சோபாவிலிருந்து எழுப்பிவிட யாராவது வருவார்களா என்று காத்திருந்த நேரம் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சோபாவின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்தோம்.

இன்னொன்று. ஒருமுறை ஒரு இடத்தில் என் தாளை நிரப்ப வந்தவர், கேள்வியையெல்லாம் என் கணவரைப் பார்த்தே கேட்டார். நான் சக்கரநாற்காலியில் இருந்தேன், வாய் நன்றாகத்தான் இருந்தது. "சமைக்க ஆசைப்படுகிறாரா?" என்றார். இவர் பாவம், "வேண்டாம், அம்மா செய்கிறார்கள்" என்றார். அந்த வரி அப்படியே தள்ளப்பட்டது. பிரெஞ்சு சரியாக வராத பெரியவர்களுக்கு யாராவது மொழிபெயர்க்க வேண்டியிருந்தால், முடிந்தவரை வீட்டு ஆள் இல்லாமல் வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். மருமகளிடம் மாமியார் "தனியாக இருக்க நேரமே இல்லை" என்று எப்படிச் சொல்வார்?

அந்தப் பட்டியல்களில் நம் வாழ்க்கை இல்லையே?

முழுசாக இல்லைதான். வழிபாடு என்று பொதுவாகக் கேட்டால், தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து காவடியோடு நடப்பதும், வீட்டுச் சாமி படத்துக்கு இரண்டு நிமிடம் விளக்கேற்றுவதும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுவது என்ற வரி எங்கும் இருக்காது. என் மாதிரி இடுப்புப் பலம் போனவருக்கு அதுதான் முதலில் போகும். உட்கார்ந்தால் தொடையைக் கையால் ஊன்றி ஊன்றி ஏறவேண்டும். அதற்கும் தோள் ஒத்துழைக்காது.

எர்கோவிடம் சொல்லி வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சேர்த்த வரிகளைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மூலத்தாளின் மதிப்பெண்ணோடு கலந்தால் மற்றவர்களோடு ஒப்பிட முடியாது.

எப்போது அளக்கக் கூடாது?

திருவிழா வாரத்தில் வேண்டாம், காய்ச்சல் வந்த வாரத்திலும் வேண்டாம். புயல் வாரத்தில் கட்டாயம் வேண்டாம். 2025 பிப்ரவரி 28-ல் கரான்ஸ் புயல் வடக்கு ஓரத்தைத் தாக்கியபோது எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டார்கள். வெளியே போகமுடியாது, கரண்ட் இல்லை, யார் வருவார் என்று காத்திருக்கவேண்டும். தீவு முழுக்க என் வாழ்க்கையை வாழ்ந்தது என்று சிநேகிதியிடம் சொல்லிச் சிரித்தேன். (வீட்டில் மூச்சுக் கருவி வைத்திருப்பவர்கள் மின்தடைப் பட்டியலில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்க வேண்டும். அதையும் சிரித்துக்கொண்டே தள்ளிப்போடாதீர்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கருவி கொடுத்தவரிடம் கேட்டு, எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.)

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வெயில் காலத்தில் ஒன்று, குளிர் காலத்தில் ஒன்று.

ஆசையைக் குறைத்துக்கொண்டால் மதிப்பெண் ஏறிவிடாதா?

ஏறும். இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் இன்னும் மறக்கவில்லை. இளம் வயதுப் பையன், சிறுவயதிலேயே தொடங்கும் தூஷேன் வகைத் தசைத்தேய்வு. அந்தப் பையன் சுட்டிய இந்த ஓட்டையைத்தான் நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முறையே விருப்பத்தையும் நடப்பையும் ஒப்பிடுவது. நடப்பு ஏறாவிட்டாலும் விருப்பம் இறங்கினால் இடைவெளி குறையும். அதோடு செய்யாததையும் விரும்பாததையும் தள்ளிவிடலாம் என்பதால், ஒவ்வொரு வருடமும் நாலு வரியைத் தள்ளினால் போதும், மதிப்பெண் அழகாக வரும். நம்முடையது கூடிக்கொண்டே போகும் நோய். மாடிப்படி போனால் "மாடி எதற்கு" என்போம், பேனா பிடிக்க முடியாமல் போனால் "எழுதி என்ன ஆகப்போகிறது" என்போம்.

எல்லாத் தள்ளுதலும் பொய் இல்லை. பித்தோன் தே லா ஃபுர்னேஸ் எரிமலையை நடந்துபோய்ப் பார்க்கும் ஆசையை நான் உண்மையாகவே விட்டுவிட்டேன், அதில் வருத்தம் இல்லை. நோயோடு வாழப் பழகியவர்கள் தங்களுக்கு வேண்டியதை மாற்றி அமைத்துக்கொள்வது நல்ல திறமை. ஆனால் சமையலை நான் விடவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் "வேண்டாம்" என்று சொல்லப் பழகிவிட்டேன். தாளில் இரண்டும் ஒரே மாதிரி வெறும் வரியாகத்தான் தெரியும்.

அதனால் தள்ளிய வரிகளுக்கென்று நோட்டின் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த மாதம் தள்ளினீர்கள், ஏன் என்று பக்கத்தில் எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதினால் சரி. "சிரமம்", "யாரையாவது கேட்கவேண்டும்", "வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தால் அது தள்ளவேண்டிய வரி இல்லை. திரும்ப மேலே கொண்டுபோய் 1 போடுங்கள். மதிப்பெண் இறங்கும், இறங்கட்டும். எர்கோவுக்கு வேலை செய்ய ஓர் இடம் கிடைக்கும்.

வீட்டில் பார்த்துக்கொள்பவரும் நிரப்பவேண்டுமா?

வேண்டும், தனித் தாளில், தனி அறையில். என் கணவருக்கு உறவுகள் பகுதியில் என்னைவிடக் குறைவாக வந்தது. அவர் ஞாயிறு தோறும் பெத்தாங்க் விளையாடப் போவதை எப்போது நிறுத்தினார் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த மதிப்பெண்ணால் அரசு உதவிக்கு ஏதாவது பயன் உண்டா?

மதிப்பெண்ணை வைத்துப் பணம் தரமாட்டார்கள். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அலுவலகத்துக்கு (எம்டிபிஆஷ்) நாம் கொடுக்கும் விண்ணப்பத்தில், நம் வாழ்க்கையில் என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொந்த வார்த்தையில் எழுத ஓர் இடம் இருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் அதைக் காலியாக விடுகிறார்கள், அல்லது "உதவி வேண்டும்" என்று ஒரு வரி.

2005 பிப்ரவரி 11 சட்டத்தால் வந்த ஊன ஈடுசெய் உதவித்தொகையில், ஆள் உதவிக்கான நேரத்தில் குளிப்பாட்டுவது, உடுத்துவது மட்டும் இல்லை. சமூக வாழ்க்கையில் கலந்துகொள்ள மாதம் 30 மணி நேரம் வரை கேட்க வழி இருக்கிறது. "வகுப்பெடுக்கப் போய்வர ஆள் இல்லாததால் இத்தனை மாதமாக நிறுத்தியிருக்கிறேன், இதோ மூன்று நாள் குறிப்பு" என்று எழுதினால் படிக்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கும். எனக்குப் புதன்கிழமைக்கு ஆள் கிடைத்தது அப்படித்தான். முதல் விண்ணப்பத்தில் இல்லை, இரண்டாவதில்.

குறைவாக வந்தால் அடுத்து என்ன?

முழுசையும் சரிசெய்யக் கிளம்பாதீர்கள். இரண்டு வரி எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் நைமேகனில் நரம்புத்தசை நோயால் நாட்பட்ட களைப்புள்ளவர்களுக்கு 16 வாரப் பயிற்சி நடத்திப் பார்த்தார்கள்: அளவான உடற்பயிற்சி, சக்தியைச் சேமித்துச் செலவழிக்கும் பழக்கம், தங்களுக்கு முக்கியமான வேலைகளில் திரும்ப இறங்குவது. 2019-ல் வெளிவந்த முடிவில், அவரவர் முக்கியம் என்று சொன்ன வேலைகளைச் செய்வதில் முன்னேற்றம் தெரிந்தது. தசை புதிதாக முளைக்கவில்லை, நாளைப் பிரிக்கும் விதம் மாறியது.

நான் எடுத்த இரண்டு, சமையலும் கோலமும். சமையலில் பாத்திரம் தூக்குவதை மாமியாரும் தாளிப்பதை நானும் பங்கு போட்டுக்கொண்டோம். உயர ஸ்டூலில் உட்கார்ந்து, கடுகு வெடிக்கும் நேரத்துக்கு மட்டும் அடுப்படி என்னுடையது. கோலம் இப்போது மேஜைமேல் ஒரு கறுப்புப் பலகையில். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டால் தோள் வலிக்காமல் ஏழு புள்ளி வரை இழை இழுக்கமுடிகிறது. பிள்ளை பலகையைக் கொண்டுபோய் வாசலில் வைப்பான். இங்கேயே பிறந்து வளர்ந்த மாமியாருக்கு அரிசிமாவை வாசலில் கொட்டுவது முதலில் விளங்கவே இல்லை. இப்போது எறும்பு வந்துவிட்டதா என்று அவர்தான் போய்ப் பார்க்கிறார்.

இந்தத் தீவில் இந்த நோய் அதிகம் என்கிறார்களே?

கால்பெய்ன் வகை இங்கே பேர்போனது. 1995-ல் பிரான்சில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோது ரீயூனியன் குடும்பங்களின் ரத்தம் அதில் பெரிய பங்கு வகித்தது. அவர்கள் பெரும்பாலும் மலைப்பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பங்கள். என்னுடையது காரைக்காலிலிருந்தே வந்தது. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதே மரபணுவில் பழுது வந்தால்தான் இது வரும். உறவில் கல்யாணம் பேசும் வீடுகள் மரபணு ஆலோசனைக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

தள்ளிய பக்கத்திலிருந்து நீங்கள் எதையாவது திரும்பக் கொண்டுவந்தீர்களா?

கடலை. காரைக்கால் கடற்கரையில் வளர்ந்தவள், இங்கே வந்தபின் "எனக்கு வேண்டாம், மணலில் யார் தூக்குவது" என்று தள்ளிவிட்டிருந்தேன். காரணம் என்ற இடத்தில் "சிரமம்" என்றுதான் எழுதியிருந்தேன். மேற்குப் பக்கத்து லகூனில் பவளப்பாறை அலையை நிறுத்திவிடும், தண்ணீர் தொட்டி போலக் கிடக்கும், மிதக்கும் சக்கரநாற்காலி என்று ஒன்றும் இருக்கிறது என்று கினே சொன்னார். இரண்டாம் முறை அளந்தபோது என் 20 வரிக்கு 45 வந்தது, சராசரி 2.25. இருபத்தோராவது வரியாகக் கடலைச் சேர்த்து 1 போட்டேன், 2.19 ஆயிற்று. இன்னும் போகவில்லை. வெயில் தணிந்ததும் ஒரு வாரநாளில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார்.